சிக்கலைத் தீர்க்கும் முறை: கிணற்றடியிலிருந்து கந்தோர் வரை

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு வீட்டில் தண்ணீர்த் தாங்கி வெறுமையாகிவிட்டது. மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. ஆனால் மேலே நீர் ஏறவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் கிணற்றடியில் நால்வர் கூடிவிட்டனர். மோட்டரின் சுருள் எரிந்துவிட்டது என்றார் ஒருவர். குழாய் எங்கேயோ வெடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். பக்கத்து வளவில் வேலை செய்துகொண்டிருந்த மேசன், கிணறு வற்றிவிட்டது, ஆழமாக்கத்தான் வேண்டும் என்றார். விடுமுறையில் கனடாவிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரரின் மகன் அதற்குள் புதிய பம் ஒன்றுக்குக் கைபேசியில் விலை பார்க்கத் தொடங்கியிருந்தார். நால்வரிடமும் தீர்வு இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர் எவருமில்லை.

முப்பது ஆண்டுகள் தொழில்நுட்ப உத்தியோகத்தராகவும் பின்னர் நிருவாகப் பிரிவிலும் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலம் முழுவதும் கண்டது இதையேதான். சிக்கல்களைத் தீர்ப்பதில் கெட்டிக்காரர் என்று ஊரும் கந்தோரும் மதித்த மனிதர்கள் மற்றவர்களைவிட அதிகம் படித்தவர்களாக இருக்கவில்லை; மனதில் முதலில் தோன்றும் விடையைச் சிறிது நேரம் தள்ளி வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று பார்க்கும் பொறுமை அவர்களிடம் இருந்தது. அந்தப் பொறுமையைப் பழகிக்கொள்ளலாம். அதற்கு நான் கையாண்ட, பிறர் கையாளக் கண்ட சில வழிகளைக் கீழே எழுதுகிறேன்.

முறைப்பாட்டை விவரமாக மாற்றுங்கள்

ஒரு தாளை எடுத்துச் சிக்கலை ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். "மோட்டர் பழுதாகிவிட்டது" என்று எழுதினால் அது சிக்கலின் விவரம் ஆகாது. விசாரணை தொடங்கு முன்னரே எழுதப்பட்ட தீர்ப்பு அது. "நேற்று மாலை வரை தாங்கி நிறைந்தது, இன்று காலை மோட்டர் வழக்கமான சத்தத்துடன் ஓடுகிறது, நீர் மட்டும் ஏறவில்லை" என்பது விவரம். முதல் வசனத்தைப் படிப்பவர் மோட்டரைக் கழற்றுவார். இரண்டாவதைப் படிப்பவர் நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் இடையில் என்ன மாறியது என்று கேட்பார். கந்தோரிலும் இதே வேறுபாடு உண்டு. "அந்தப் பிள்ளைக்கு வேலையில் அக்கறையில்லை" என்று ஓர் அதிகாரி எழுதிவிட்டால், அதன்பின் அவரால் கண்டிக்கத்தான் முடியும். "கடந்த மூன்று கிழமைகளில் நான்கு கடிதங்களுக்கு உரிய நாளில் பதில் போகவில்லை" என்று எழுதினால், எந்தக் கடிதங்கள், யாருடைய கையொப்பத்துக்காகக் காத்திருந்தன என்று தேட இடம் கிடைக்கும்.

விவரம் எழுதும்போது, எங்கே, எப்போது, எவ்வளவு என்பவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இந்தச் சிக்கல் எங்கே இல்லை? இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமற் போவதே பல வேளைகளில் பெரிய தடயமாகும். 1854ஆம் ஆண்டு இலண்டனின் சோகோ பகுதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்ற மருத்துவர் இறந்தோரின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவை புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்ப்பம்பியைச் சூழ்ந்திருப்பதைக் கண்டார். அவர் அத்துடன் நிற்கவில்லை. அதே அயலில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் தங்கியிருந்த ஏழைகள் இல்லம் ஒன்றில் ஐவர் மட்டுமே இறந்தது ஏன் என்றும், பம்பிக்கு அண்மையிலிருந்த மதுவடிசாலைத் தொழிலாளர் தப்பியது எப்படி என்றும் விசாரித்தார். இரண்டு இடங்களிலும் சொந்தக் கிணறு இருந்தது. வடிசாலைக்காரர் பெரும்பாலும் தண்ணீரையே குடிக்கவில்லை. அசுத்தக் காற்றினால் நோய் பரவுகிறது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. ஒரே காற்றைச் சுவாசித்தும் நோய்வாய்ப்படாதவர்கள்தான் அந்த நம்பிக்கையை அசைத்தார்கள்.

ஆகவே பிள்ளை கணிதத்தில் புள்ளி குறைகிறாள் என்றால் எந்தப் பாடத்தில் குறையவில்லை என்று பாருங்கள். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்றால் எந்த நேரத்தில் விழுவதில்லை என்று குறியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது மழை நாட்களில் மட்டும் விழுந்தது. வெளி மதிலில் இருந்த மின்விளக்கின் இணைப்புக்குள் நீர் இறங்கியிருந்தது.

பாதியாக வெட்டித் தேடுங்கள்

பல பகுதிகள் தொடராக இணைந்த ஒன்றில் பிழை இருந்தால், ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது நேரத்தை விழுங்கும். நடுவில் ஓரிடத்தைச் சோதித்து, பிழை அதற்கு இப்பாலா அப்பாலா என்று தீர்மானித்தால், ஒரே அடியில் பாதி நீங்கிவிடும். மீதியை மறுபடியும் பாதியாக்கலாம்.

அன்று கிணற்றடியில் இதைத்தான் செய்தோம். முதலில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்தோம். நிலத்திலிருந்து 14 அடியில் நீர் நின்றது. குழாயின் அடிமுனையில், ஏறிய நீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்காமல் தடுக்கும் புட்வால்வு அதற்குக் கீழே 4 அடி ஆழத்தில் மூழ்கியிருந்தது. நிலத்தில் வைக்கப்பட்ட பம் நீரைத் தானாக இழுப்பதில்லை. வளிமண்டல அமுக்கமே நீரை மேலே தள்ளுகிறது. அந்த அமுக்கம் தாங்கக்கூடிய நீர்த் தம்பத்தின் உயரம் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 34 அடி. குழாயின் உராய்வையும் காற்றுக் கசிவையும் கழித்துவிட்டால், நடைமுறையில் 25 அடிக்குக் கீழிருந்து நீரை ஏற்றுவது கடினம். எங்களுடையது 14 அடிதான். எனவே கிணறு வற்றிவிட்டது என்ற மேசனின் கருத்து கழிந்தது. மோட்டர் வழக்கமான வேகத்தில் சூடேறாமல் ஓடியதால் சுருள் எரிந்தது என்பதும் கழிந்தது.

அடுத்து, பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, பம்மின் மேலுள்ள மூடியைத் திறந்து வாளியால் நீர் ஊற்றி நிரப்பினோம். இதுதான் நடுவில் வெட்டும் சோதனை. ஊற்றிய நீர் அப்படியே நின்றால், கிணற்றுப் பக்கக் குழாயும் புட்வால்வும் நல்ல நிலையில் உள்ளன. பிழையைப் பம்முக்குள்ளும் தாங்கிப் பக்கத்திலும் தேட வேண்டும். நீர் இறங்கினால் பிழை கிணற்றுப் பக்கத்தில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் நீர் முழுவதும் இறங்கிவிட்டது. குழாயின் மூட்டுகள் வெளியே காய்ந்திருந்தன. எஞ்சியது புட்வால்வு ஒன்றுதான். குழாயைத் தூக்கிப் பார்த்தபோது, அதன் மூடிக்கும் வாய்க்கும் இடையில் வேப்பங்குச்சி ஒன்று செருகிக் கிடந்தது. செலவு எதுவுமில்லை. வீட்டுக்காரரின் மகனுக்குத்தான் சிறிது ஏமாற்றம்.

கணக்குப் புத்தகத்திலும் இதே வெட்டு உதவும். மாத முடிவில் பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால் முதலாம் திகதியிலிருந்து சரிபார்க்கத் தொடங்காதீர்கள். பதினைந்தாம் திகதியில் மொத்தத்தை எடுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னதாக, வித்தியாசத் தொகையையே சிறிது உற்றுப் பார்ப்பது நல்லது. அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம்மாறி எழுதப்பட்டிருக்கலாம்: 27,450 என்பதை 24,750 என்று பதிந்தால் வித்தியாசம் 2,700, அது 9இன் 300 மடங்கு. அப்படி வகுபடாவிட்டால் வித்தியாசத்தை இரண்டாக வகுத்து, அந்தப் பாதித் தொகையுடைய பதிவு எங்காவது உள்ளதா என்று தேடுங்கள். பற்றுப் பக்கத்துக்குரியதை வரவுப் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் அத்தொகையின் இரண்டு மடங்காகத்தான் வரும். பழைய கணக்காளர்கள் இரவு நெடுநேரம் கந்தோரில் இருக்காமல் வீடு போய்ச் சேர்ந்தது இவ்வாறான கைப்பழக்கங்களால்தான்.

ஏன் என்று கேட்பது, எங்கே நிற்பது

தொயோட்டா நிறுவனத்தாரின் வழியாக உலகெங்கும் பரவிய ஒரு பழக்கம் உண்டு: பிழை ஒன்றைக் கண்டால், ஏன் என்று ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்பது. அக்குழுமத்துக்கு அடித்தளமிட்ட சக்கிச்சி தொயோடாவிடம் தொடங்கியதாகச் சொல்லப்படும் இம்முறையை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆயினும் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே விடைதான் உண்டு என்று எண்ணிக்கொண்டால், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நாம் ஏற்கெனவே சந்தேகப்பட்ட ஆளின் வாசலில் நிற்போம். காரணங்கள் கிளை விடுபவை. எங்கள் குடாநாட்டில் கிணறு உவர்க்கும் விடயத்தை எடுத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டின் பெரும்பங்கு; அது நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்குகிறது. அந்த நன்னீருக்கு அடியில் கடல்நீர் இருக்கிறது. நன்னீர் இலேசானது என்பதால் அது கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கணக்கு இதுதான்: கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உவரின் எல்லை காலப்போக்கில் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த அமைப்பை நேரில் காட்டும் சான்றாகும்.

இப்போது, ஆவணியில் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கினால் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? நீர் குறைந்துவிட்டது என்று எண்ணிக் கிணற்றை மேலும் ஆழமாக்குகிறார், அல்லது குழாய்க் கிணறு அடிக்கிறார். அதாவது உவர்நீர் இருக்கும் திசையை நோக்கியே இறங்குகிறார். சில நாட்கள் நிறைய நீர் வரும். பிறகு தேநீருக்கும் உதவாத நீராகிவிடும். காசும் போய்க் கிணறும் கெட்டுவிடும். பார்த்தவுடன் தோன்றும் தீர்வு சிக்கலையே பெருப்பிக்கும் இடங்களில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் கண்டதில்லை.

ஏன் உவர்த்தது? நன்னீரின் மட்டம் தாழ்ந்தது. ஏன் தாழ்ந்தது? இங்கே கயிறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில், அயலிலுள்ள மூன்று தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் ஒரே காலை வேளையில் இயந்திரம் வைத்து இறைக்கிறார்கள். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த நாட்களில் கிணறு ஊறுவதற்கு இடைவெளி கிடைத்தது, இன்று கிடைப்பதில்லை. மற்றைய கிளையில், மழைநீர் நிலத்துக்குள் இறங்குவது குறைந்துவிட்டது. ஊர்க் கேணி குப்பையால் நிரம்பியிருக்கிறது, முற்றங்களுக்குச் சீமெந்து போட்டுவிட்டார்கள், வெள்ளம் வாய்க்கால் வழியே கடலுக்குப் போகிறது. இரண்டும் உண்மை. எங்கே கேள்வியை நிறுத்துவது? உங்கள் கையால் எதையாவது மாற்றக்கூடிய இடம் வந்ததும் நிறுத்துங்கள். அடுத்தவரின் இயந்திரத்தை நீங்கள் நிறுத்த முடியாது. உங்களுடைய இறைப்பை ஒரே மூச்சில் முடிக்காமல் காலையும் மாலையுமாகப் பிரிக்கலாம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அதன்பின் வரும் கூரை நீரை மணலும் சல்லியும் இட்ட வடிகுழி வழியாக நிலத்துக்குள் இறக்கலாம். கேணியைத் துப்புரவாக்குவதற்குச் சனசமூக நிலையத்தில் பேசலாம். கிணற்றின் அடியை மட்டும் தொடாதீர்கள்.

பெரிய அளவிலும் இதே சிந்தனை எங்கள் மண்ணில் இருந்திருக்கிறது. உள்நாட்டு நீரேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக மாற்றி, ஆனையிறவு நீரேரியின் நீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த திட்டம், கிணறுகளைத் தோண்டுவதற்குப் பதிலாகக் கிணறுகளுக்கு அடியிலுள்ள வில்லையைத் தடிப்பாக்கும் நோக்கம் கொண்டது. அது முழுமையாக நிறைவேறவில்லை என்பது வேறு கதை.

கேள்வியையே மாற்றிப் பாருங்கள்

சில சிக்கல்கள் எவ்வளவு முயன்றும் அசைவதில்லை. அப்போது விடையைத் தேடுவதை நிறுத்திவிட்டு, கேள்வி சரியானதா என்று பார்க்க வேண்டும். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். இங்கே ஒருவர் கேட்கக்கூடிய இயல்பான கேள்வி, இன்னும் அதிக மாணவரை ஆங்கிலத்தில் எப்படித் தேர்ச்சி பெறச் செய்வது என்பதுதான். ஆனால் ஆங்கிலம் தேர்ந்தவர்கள் வெளியே நல்ல சம்பளத்துக்குப் போய்விடுவார்கள். கிராமத்து நோயாளி பழைய நிலையிலேயே இருப்பார். கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்க்கும் மருத்துவரை உருவாக்குவது எப்படி என்று கேள்வி மாறியதும் விடையும் மாறியது. 1860களில் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தம் மாணவர்களோடு சேர்ந்து உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கி, இல்லாத கலைச்சொற்களை ஆக்கினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதைப் பழகுவதற்கு எளிய வழி, "எனக்கு இன்ன பொருள் வேண்டும்" என்ற வசனத்தை "எனக்கு இன்னது நடக்க வேண்டும்" என்று திருப்பி எழுதுவது. 1990ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி வருவதற்குத் தடை, மண்ணெண்ணெய்க்கு யானை விலை. பற்றரி எங்கே கிடைக்கும் என்று தேடியவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். செய்தி கேட்க வேண்டும், அவ்வளவுதானே என்று எண்ணியவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியை இயக்கினார்கள். பரீட்சைக்குப் படிக்க ஒரு கொப்பியின் மேல் விழுமளவு வெளிச்சம் போதும் என்று கண்டவர்கள், சிறிதளவு எண்ணெயில் நெடுநேரம் எரியும் சிக்கன விளக்கை ஜாம் போத்தலில் செய்துகொண்டார்கள். அந்த நாட்களை இன்று பெருமையாகப் பேசுவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை; அந்த விளக்குகளால் தீக்காயம் பட்ட பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். இல்லாமையால் பிறந்த ஒரு வழியை, வசதி வந்தபின் உடனே கைவிட்டுவிடவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆளை மாற்றினால் தீருமா

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்கிறேன். நான் இளநிலையில் கடமையாற்றிய ஒரு கந்தோரில் களஞ்சியத்திலிருந்து பொருட்கள் வெளியே போவது தாமதமாகிக்கொண்டே இருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் சிடுசிடுப்பானவர். ஆகவே தாமதத்துக்கு அவர்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் ஒருமுகமாக முடிவு செய்தோம். அவரை இடம் மாற்றுமாறு எழுதிய குறிப்பில் என் கையொப்பமும் இருந்தது. அவர் போனார், இனிமையாகப் பேசும் ஒருவர் வந்தார், தாமதம் மட்டும் போகவில்லை. பிறகுதான் இரண்டு கிழமைகளுக்கு ஒவ்வொரு கோரிக்கைப் படிவமும் எந்த நாளில் எந்த மேசையில் இருந்தது என்று ஒரு கொப்பியில் குறித்தேன். படிவத்துக்கு இரண்டாவது கையொப்பமிட வேண்டிய அலுவலர், செவ்வாயும் வியாழனும் தவிர மற்ற நாட்களில் வெளிக்களத்தில் இருந்தார். வியாழன் மாலை வந்த படிவம் அடுத்த செவ்வாய் வரை கிடந்தது. குறிப்பிட்ட பெறுமதிக்குக் குறைந்தவற்றை வேறொருவர் ஒப்பமிடலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்ததோடு காரியம் முடிந்தது. முதலாமவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு வருடம் எடுத்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கடைப்பிடித்த விதி இது: ஒரே பிழை மூன்று தடவை நடந்தால், ஆளை விசாரிப்பதற்கு முன் படிவத்தையும் நேரத்தையும் இடத்தையும் விசாரிக்க வேண்டும்.

பத்திரங்களில் பெயர் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும் தொல்லைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். கடைசியில் தேவைப்படும் பத்திரத்திலிருந்து பின்னோக்கி நடந்து, எது எதை அடிப்படையாகக் கொண்டு வழங்கப்படுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டுக்கு அடையாள அட்டை, அடையாள அட்டைக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அடியிலுள்ள பத்திரத்தைத் திருத்தாமல் மேலுள்ளதைத் திருத்தப் போனவர்கள் இரண்டு தரம் அலைவதைக் காண்கிறோம்.

வேலிச் சண்டையும் கூரைத் தண்ணீரும்

மனிதருக்கிடையிலான சிக்கலில், பேசப்படும் விடயமும் நோகும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. எங்கள் ஊர்களில் வேலி வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கின்றன. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு விரல்கடை அப்பால் நகர்ந்துவிட்டது என்பதுதான் முறைப்பாடு. கணக்குப் பார்த்தால், 100 அடி நீள வேலி அரை அடி நகர்ந்தால் 50 சதுர அடி. ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 2,722 சதுர அடி. ஐம்பத்து நான்கில் ஒரு பங்குக் காணிக்காக மூன்று பரப்பின் விலையைச் சட்டத்தரணிக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். வேலிக்குப் பின்னால் வேறொன்று இருந்தது: சீதனத்தில் காட்டப்பட்ட ஓரவஞ்சனை, ஒரு சாவீட்டுக்கு வராமல் விட்டது, கிணற்றுப் பங்கில் ஏற்பட்ட மனக்கசப்பு.

இப்படியான சிக்கலில் முதலில் அளக்கக்கூடியதை அளந்து முடித்துவிடுங்கள். உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்து, இரு பகுதியாரும் ஏற்கும் நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறிப்பித்தால், வாதத்தில் ஒரு பகுதி தானாகவே அடங்கும். எஞ்சியதைப் பேச்சினால்தான் தீர்க்க வேண்டும். வேலியடியில் நின்று பேச வேண்டாம். தெருவில் போவோர் கேட்கும் இடத்தில் எவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரு மாலை நேரத்தில் அவர்கள் வீட்டு விறாந்தையில் போய் இருங்கள். உங்கள் நியாயத்தைத் தொடங்குமுன், "உங்களுக்கு இதிலை என்ன கரைச்சல் அண்ணை?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாய் திறவாதிருங்கள். எங்கள் அயலில் இரண்டு வருடம் முகம் பாராதிருந்த இருவரில் மூத்தவர், இவ்வாறு கேட்கப்பட்டபோது சொன்னது இவ்வளவுதான்: "வேலி கிடக்கட்டும் தம்பி. மாரியிலை உங்கடை கூரைத் தண்ணி முழுக்க எங்கடை குசினிச் சுவரிலை அடிக்குது." ஒரு பீலி பொருத்தியதோடு காரியம் முடிந்தது. வேலி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

செய்து பார்ப்பதும் திரும்பிப் பார்ப்பதும்

எந்தத் தீர்வைத் தெரிவதென்ற ஐயம் வந்தால், தோற்றாலும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதை முதலில் செய்யுங்கள். இறைப்பு நேரத்தை மாற்றுவதை நாளைக்கே கைவிடலாம். தோண்டிய கிணற்றை மூட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். கத்தரிச் செடி வாடுகிறதென்று ஒரே நாளில் உரமும் மருந்தும் இட்டு நீரையும் கூட்டினால், செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று அடுத்த போகத்தில் தெரியாது.

தீர்வு வேலை செய்தது என்று நம்புவதிலும் அவசரம் கூடாது. ஜோன் சினோவின் வேண்டுகோளின்படி 1854 செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது என்பதைப் பலரும் சொல்வார்கள்; அதற்கு முன்னரே சனங்கள் அப்பகுதியை விட்டு ஓடிவிட்டதால் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதைக் குறைவானவர்களே சொல்வார்கள். சினோ அதை மறைக்கவில்லை. கைபிடியைக் கழற்றியதனால் நோய் நின்றது என்று பெருமை கொள்ள அவருக்கு வாய்ப்பிருந்தும், அந்தப் பெருமையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் நாமே தீர்க்கப் புறப்படுவதும் ஆகாது. பம்மின் உடலைத் தொட்டால் மின்சாரம் அடிக்கிறது என்றால் மூடியைத் திறக்க வேண்டாம். பிரதான ஆளியை நிறுத்திவிட்டு மின்னியலாளரை அழையுங்கள். சுவரில் வெடிப்பு அகன்றுகொண்டு போனாலும், மார்பில் நோவு வந்தாலும், நீதிமன்றத்திலிருந்து கட்டளை வந்தாலும் அதுவே முறை. அப்போது உங்கள் பங்கு, முதலில் சொன்ன அந்த விவரத்தைத் தெளிவாக எழுதிக்கொண்டு உரியவரிடம் போவதுதான்.

கோண்டாவில் வீட்டில் இப்போது கிணற்றுக் கட்டின் உட்புறத்தில் அடிக்கு ஒரு கோடாக வெள்ளை மையால் குறித்து வைத்திருக்கிறார்கள். போயா தினம் விடுமுறை என்பதால், மாதந்தோறும் அன்று காலையில் வீட்டுக்காரர் நீர்மட்டத்தைப் பார்த்து, ஒரு மிடறு குடித்தும் பார்த்து, சமையலறைக் கலண்டரில் எழுதுகிறார். புட்வால்வைச் சுற்றி ஒரு கம்பி வலை கட்டப்பட்டிருக்கிறது. வேப்பமரம் நிற்கிறது, அதை வெட்ட அந்த வீட்டு அம்மா விடவில்லை.